காற்றில் போகும் யூரியா: பெகு நெல்வயலுக்கு எந்த வழி?

பர்மாவில் பெகு, தனட்பின், காவா பக்கம் நெல் போடுகிற நம்மவர்கள் ஆனி பிறந்தால் கேட்கும் கேள்வி, எந்த மூட்டை வாங்கலாம் என்பதுதான். எல்லை தாண்டி வந்ததா, உள்நாட்டு ஆலையில் கட்டியதா, மூட்டையின் மேல் என்ன படம் என்பதெல்லாம் விசாரிப்பார்கள். கலப்படம் இல்லாத யூரியா என்றால் எதிலும் 46 சதவீதம் நைட்ரஜன். 50 கிலோ மூட்டைக்கு 23 கிலோ. அதில் மூட்டைக்கு மூட்டை வித்தியாசம் கிடையாது. அந்த 23 கிலோவில் பயிர் தின்பது எவ்வளவு, காற்றுக்குப் போவது எவ்வளவு என்பதை முடிவு செய்வது விசிறுகிற கையும் வயலில் நிற்கிற தண்ணீரும்தான்.

உரக்கடை வைத்திருப்பவன் “குறைவாகப் போடுங்கள்” என்று எழுதுவது தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் வேலை. ஆனால் கடன் சொல்லி எடுத்துப்போன மூட்டையில் பாதி ஆவியாகிவிட்டால், அறுப்பு முடிந்து அந்தக் கடன் திரும்பி வருவதும் சந்தேகம்தான். ஆகவே இதில் என் சுயநலமும் இருக்கிறது.

யூரியா எங்கே போகிறது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அது இரண்டிரண்டு அணுவாக இறுகப் பிணைந்து கிடப்பதால் நெல்லுக்கு உதவாது. அந்தப் பிணைப்பை உடைக்க மின்னலும் சில நுண்ணுயிர்களும்தான் வெகுகாலம் இருந்தன. ஹேபர், போஷ் என்ற இரு ஜெர்மானியர்கள் அதை ஆலையில் செய்ய வழி கண்டார்கள். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைய யூரியா மூட்டை அந்த வழியில் வந்தது. காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே போனால் நட்டம் என்ன என்று கேட்கலாம். எடுத்தது யாருக்கும் தீங்கு செய்யாத நைட்ரஜன். வயலிலிருந்து திரும்பிப் போவதில் அம்மோனியாவும் நைட்ரஸ் ஆக்சைடும் இருக்கின்றன. வைக்கோலைக் கொளுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கிளம்புகின்றன.

நம் ஊரில் பெரிய திருடன் அம்மோனியா. தண்ணீரில் விழுந்த யூரியாவை யூரியேஸ் என்ற நொதி இரண்டு மூன்று நாளில் உடைத்து அம்மோனியமாக்கிவிடும். வயல் தண்ணீரில் பாசி இருந்தால், வெயில் ஏற ஏற அது தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். காலையில் 7, 7.5 என்று இருந்த பி.எச். அளவு (புளிப்பா, காரமா என்று காட்டும் எண்) நடுப்பகலில் 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் அம்மோனியம் வாயுவாக மாறிக் கிளம்பிவிடும். இரவில் பி.எச். மறுபடி இறங்கும், இழப்பும் அடங்கும். நட்டு இரண்டு வாரத்துக்குள், உச்சி வெயிலில், காற்று வீசும் நாளில் நிற்கிற தண்ணீரில் விசிறினால் போட்டதில் பாதி வரை இப்படிப் போகக்கூடும். அதே யூரியாவைக் கதிர் உருவாகும் பருவத்தில் போடுங்கள். அப்போது இலை மூடியிருக்கும், பாசிக்கு வெயில் எட்டாது, காற்று தண்ணீரைத் தொடாது, வேர் வயல் முழுக்கப் படர்ந்து வாயைத் திறந்தபடி காத்திருக்கும். இழப்பு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின் நின்றுவிடும்.

கிளம்பிய அம்மோனியா வானத்தில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ கீழே வந்துவிடும். ஒரு பகுதி பக்கத்துக் குளத்திலும் காட்டிலும் விழும். குளத்தில் பாசியைப் பெருக்கும், காட்டு மண்ணைப் புளிக்கச் செய்யும். இன்னொரு பகுதி, வண்டிப் புகையிலிருந்தும் ஆலைப் புகையிலிருந்தும் காற்றில் உண்டாகும் கந்தக அமிலத்தோடும் நைட்ரிக் அமிலத்தோடும் சேர்ந்து நுண்துகளாகிவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குகிற 2.5 மைக்ரோமீட்டர் துகள் என்று சொல்கிறார்களே, அதில் இதுவும் சேர்த்தி.

நைட்ரஸ் ஆக்சைடின் கதை வேறு. அளவில் சொற்பம், ஆயுள் நூறு ஆண்டுக்கு மேல். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 270 பங்கு இருந்தது. இன்று 335-ஐத் தாண்டிவிட்டது. இதில் நெல்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மேட்டு நிலத்தில் போடும் நைட்ரஜனில் ஏறக்குறைய 1 சதவீதம் இப்படிப் போகிறது என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவின் கணக்கு. தண்ணீர் நிற்கிற நெல்வயலுக்கு அதில் பாதிகூட இல்லை. காற்றே புகாத சேற்றில், அம்மோனியத்திலிருந்து உண்டான நைட்ரேட் பெரும்பாலும் சாதாரண நைட்ரஜனாகவே திரும்பிவிடுகிறது. ஊருக்குத் தீங்கில்லை, நம் பைக்குத்தான் தீங்கு.

வழக்கம்போல் விசிறுவது

மறுபடி மறுபடி நடப்பது இதுதான். நட்ட ஏழாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு மூட்டை, பிறகு கையில் காசு இருந்தால் இன்னொன்று. ஒரு ஆள் காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்கு முன் இரண்டு ஏக்கர் முடித்துவிடுவார். மூன்றாம் நாள் வயல் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே பாதி யூரியா போகிறது என்பது என் எண்ணம்.

இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: ஆள் செலவு குறைவு. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயதானவர்கள் மட்டும் விவசாயம் பார்க்கிற வீடுகளில் இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற நம் மழையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விசிறிய அன்று இரவே வரப்பு வழிந்தால் யூரியா அடுத்த வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். சிட்டாங் ஆற்றுப் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் ஆடி மாதம் இது அடிக்கடி நடப்பது.

பிரித்துப் போடுவது, இலையைப் பார்த்துப் போடுவது

செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். இலை வண்ண அட்டை என்பது உள்ளங்கை நீளப் பிளாஸ்டிக் துண்டு. வெளிர் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் இருக்கும். பிலிப்பீன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. நடவுக்கு இரண்டு வாரம், நேரடி விதைப்புக்கு மூன்று வாரம் கழித்து ஆரம்பித்து, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை வயலில் இறங்க வேண்டும். நோயில்லாத பத்துத் தூர்களில், முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. வெயில் நேராக விழுந்தால் நிறம் ஏமாற்றும் என்பதால் சூரியனுக்கு முதுகைக் காட்டி, நம் நிழலிலேயே பார்ப்பது முறை. பத்தில் ஆறு இலையாவது குறித்த பட்டையைவிட வெளிறியிருந்தால் யூரியா. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம்.

எந்தப் பட்டையை அளவாக வைப்பது என்பது ரகத்தைப் பொறுத்தது. இயல்பிலேயே வெளிர் இலை உள்ள ரகத்துக்கு ஒரு படி கீழே வைக்க வேண்டும். பவ்சான் மாதிரி உயரமாக வளரும் மணநெல்லுக்கு நைட்ரஜன் அதிகமானால் பால்பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். அறுவடை இயந்திரக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அதனால் மணநெல் போடுகிறவர்களுக்கு அட்டை கட்டாயம் என்றே சொல்வேன்.

அட்டை “எப்போது” என்பதைத்தான் சொல்லும். “எப்படி” என்பதற்கு மடையைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை வடித்து, சேறு தெரியும்போது சாயங்காலம் யூரியாவைத் தூவி, மறுநாள் மெதுவாகத் தண்ணீர் கட்டினால் யூரியா தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும். நிற்கிற தண்ணீரில் போட்டால் மேல் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். தண்ணீரை வடிக்க வழியே இல்லாத பள்ள வயலுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே முதல் மூன்று வாரப் பங்கைக் குறைத்து, தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் போடும் பங்கை அதிகமாக்குவதுதான் வழி.

மண்ணுக்குள் புதைப்பது

காற்றுக்கு நல்லது எது என்று மட்டும் கேட்டால் பதில் இதுதான். யூரியாவை அழுத்திக் கட்டியாக்கி, நட்ட ஒரு வாரத்துக்குள், நான்கு தூருக்கு நடுவே ஒரு கட்டி வீதம், ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சேற்றில் அமுக்கிவிடுவார்கள். வங்காள தேசத்தில் நன்றாகப் பரவிய முறை. அங்கே கடைத்தெருவிலேயே கட்டி அடிக்கும் சிறு இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். காற்றில்லாத சேற்றுக்குள் அம்மோனியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குப் போகும். மேலே தண்ணீரில் நைட்ரஜன் இல்லாததால் பாசியும் களையும் குறையும், அம்மோனியா ஏறக்குறைய நின்றுவிடும், வரப்பு வழிந்தாலும் கவலையில்லை. யூரியா மூன்றில் ஒரு பங்கு மிச்சம், விளைச்சலும் கூடுதல் என்பது அங்கே கண்ட அனுபவம்.

இப்போது கையின் கணக்கைப் பார்ப்போம். 20 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் என்று வரிசை பிடித்து நட்ட வயலில், ஏக்கருக்கு ஏறக்குறைய 25,000 கட்டி. 1.8 கிராம் கட்டி என்றால் மொத்தம் 45 கிலோ, ஒரு மூட்டைக்கும் குறைவு. அந்த 25,000 கட்டியையும் குனிந்து, விரலால் அமுக்கி, மேலே சேற்றை மூடிவிட வேண்டும். பழகிய கைக்கே ஏக்கருக்கு மூன்று ஆள் வேலை. வரிசையில்லாமல் நட்டால் நடுவிடம் தெரியாது. விதையைத் தெளித்த வயலில் செய்யவே முடியாது. கட்டி வைத்தபின் வயலுக்குள் கண்டபடி மிதித்து நடந்தால் கட்டி மேலே வந்துவிடும். தண்ணீர் கசிந்து ஓடுகிற மணல் மண்ணுக்கும் ஆகாது. நைட்ரேட் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

தன் குடும்பத்து ஆட்களைக் கொண்டே வரிசை நடவு நட்டு, இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் செய்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. பத்து ஏக்கருக்கு மேல் தெளித்து விடுகிறவரிடம் இதைப் பற்றிப் பேசினால் என்னைப் பைத்தியக்காரன் என்பார். அவர் சொல்வதும் நியாயம்.

வேப்பம் பிண்ணாக்கு கலப்பது இரண்டுக்கும் நடுவழி. தமிழ்நாட்டில் யூரியாவோடு ஐந்துக்கு ஒன்று கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவார்கள். நைட்ரேட் ஆவதை அது தாமதப்படுத்தும், அம்மோனியா போவதை அவ்வளவாகத் தடுக்காது. மாந்தளை, மகுவே பக்கத்து வறண்ட நிலத்தில் வேம்பு நிறைய. பெகுவரை கொண்டுவரும் கூலி கட்டுமா என்று பார்த்துச் செய்யலாம். அம்மோனியம் சல்ஃபேட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது தண்ணீரைக் காரமாக்காது என்பதால் இழப்பு குறைவு. ஆனால் நைட்ரஜன் 21 சதவீதம்தான். அதே சத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் மூட்டை சுமக்க வேண்டும், மண்ணும் வருஷத்துக்கு வருஷம் புளிக்கும். கந்தகக் குறை உள்ள வயலுக்கு ஒரு தடவை போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மழைக்காலம் முடிந்தபின்: கோடை நெல்லா, உளுந்தா

யூரியாவை எப்படிப் போடுவது என்பதைவிட இது பெரிய முடிவு. ஐப்பசி, கார்த்திகையில் அறுத்த வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தை விதைத்தால் மாசி, பங்குனியில் கைக்கு வந்துவிடும். தண்ணீர் இறைக்க வேண்டாம், யூரியா வேண்டாம். வேரிலுள்ள முடிச்சுகளில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்று நைட்ரஜனை நேராகப் பிடித்துக் கொடுக்கும். செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. நடக்காத வயலுக்கு விதையோடு கலக்கும் நுண்ணுயிர் உரத்தை யெசின் வேளாண் ஆராய்ச்சித் துறை தயாரித்திருக்கிறது.

கோடை நெல்லுக்கு யூரியா வேண்டும், டீசல் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தின் புகைக்குழாயிலும் நைட்ரஜன் ஆக்சைடுதான் வருகிறது. வெயிலில் அது கீழ்மட்ட ஓசோனை உண்டாக்கும், பயிரின் இலையையே சுடும். கோடையில் தண்ணீர் நம் கையில் இருப்பதால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்க்கலாம் என்பது உண்மை. ஓட்டை போட்ட குழாயை வயலில் நட்டு, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் டீசல் மிச்சம், தண்ணீர் நிற்கும் சேற்றிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் நன்றாகக் குறையும். ஆனால் காய்ந்து நனைகிற மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். யூரியா போடுவதைப் பாய்ச்சலுக்குச் சற்று முன் வைத்துக்கொண்டு, அடுத்த சில நாள் வயலைக் காயவிடாமல் இருந்தால் அந்தக் கூடுதலை அடக்கலாம். மொத்தக் கணக்கில் மீத்தேன் குறைந்த லாபமே பெரிது.

உளுந்துக்காரர்கள் ஒன்றை மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். “உளுந்து போட்டால் அடுத்த நெல்லுக்கு ஒரு மூட்டை யூரியா மண்ணில் தங்கும்” என்பார்கள். பருப்பில் நான்கு சதவீதம் அளவுக்கு நைட்ரஜன் இருக்கிறது. ஏக்கருக்கு 400 கிலோ உளுந்து விற்றால் அதோடு 16 கிலோ நைட்ரஜனும் வண்டியேறிப் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, பொட்டையும் தழையையும் மாட்டுக்குப் போட்டால் வயலில் தங்குவது உதிர்ந்த இலைதான். தழையை வயலுக்கே திருப்பினால் பலன் உண்டு. அப்படித் திருப்பினாலும், சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணில் சேரும் நைட்ரேட்டை முதல் மழைவெள்ளம் அடித்துச் செல்லும் அல்லது வாயுவாக்கிவிடும். ஆகவே உளுந்தின் உண்மையான லாபம், ஒரு பருவம் முழுக்க யூரியா மூட்டையே பிரிக்காமல் இருந்ததுதான். அதுவே போதுமான லாபம்.

விலைதான் கண்டம். நம் உளுந்தைப் பெரும்பாலும் வாங்குவது இந்தியா. 2017 ஆகஸ்டில் டெல்லி இறக்குமதிக்கு அளவு கட்டியபோது இங்கே விலை விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021-ல் கதவைத் திறந்தார்கள், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்துக்கு ஒப்பந்தமும் செய்தார்கள். நிலம் முழுவதையும் உளுந்தில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு அந்த 2017-ஆம் வருஷம் ஒன்றே போதும்.

எதைப் போட்டாலும் வைக்கோலைக் கொளுத்த வேண்டாம். ஒரு டன் வைக்கோலில் ஐந்து முதல் எட்டுக் கிலோ நைட்ரஜன் இருக்கும். தீ வைத்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும், சாம்பலில் பொட்டாஷ் மிஞ்சும். நடவுக்கு முந்தின வாரம் பச்சையாக மடக்கினால் மீத்தேன் பொங்கும், நாற்று மஞ்சளாகும். அறுத்த கையோடு, மண் ஈரமாக இருக்கும்போதே மடக்கிவிட்டால் மட்கிவிடும்.

என் தீர்ப்பு

வரிசை நடவு, சொந்த ஆள், களிமண், இரண்டு மூன்று ஏக்கர் என்றால் கட்டி புதைப்பது. தெளித்த வயல், ஆள் இல்லை, ஆனால் மடை கையில் இருக்கிறது என்றால் அட்டையும் சாயங்காலத் தூவலும். வெள்ளம் நிற்கும் சிட்டாங் ஓரத்துப் பள்ள வயலில் மழைக்கால நெல்லுக்கு முதல் மூன்று வாரம் யூரியாவே வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ளம் வடிந்தபின் இலையைப் பார்த்து ஒரே தடவை போடலாம். கோடையில், நல்ல விதை கிடைக்கிற அளவுக்கு நிலத்தில் பாதிக்கு மேல் உளுந்து, தண்ணீர் எட்டும் மீதியில் காய்ச்சல் பாய்ச்சல் நெல்.

எத்தனை மூட்டை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த மழைக்காலத்தில் வயல் நடுவே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றுக்குத் தனி வரப்பு கட்டுங்கள். அதற்குள் யூரியா மட்டும் போடாமல் மற்ற உரங்களைப் போட்டு வளர்த்து, அறுப்பில் அதன் நெல்லைத் தனியாக எடைபோட்டு, ஏக்கருக்கு எத்தனை கூடை வரும் என்று பெருக்கிப் பாருங்கள். அது மண்ணும் மழையும் தானே தருவது. அதற்கு மேல் ஏக்கருக்கு 20 கூடை கூடுதலாக வேண்டுமானால், ஒழுங்காகப் போடுகிறவருக்கு 45 கிலோ யூரியா போதும். கூடை என்றால் 46 பவுண்டு நெல் பிடிக்கும் கூடை. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்கு வந்தால், நான் இரண்டாவது மூட்டையை எடுத்துக் கொடுக்குமுன் தாளைக் காட்டி நிறுத்தலாம்.